பூரணத்தின்ர படம் போட்ட பக்கற்

இந்த வீடுதான். இல்லை, இந்த வீடு இல்லை. பொறுங்கோ தம்பி, மோட்டச்சைக்கிளைத் திருப்பாதைங்கோ, சொல்லுறன். உங்கட போனில காட்டுற இடம் இதுதான். ஆனால் நீங்கள் தேடி வந்த ஆள் இங்கை இல்லை. கிழமைக்குக் கிழமை ஆராவது வந்து வாசல் படலையில நிண்டு, "ஐயா, தூள் கொம்பனி இதுவோ?" எண்டு கேக்கினம். கொம்பனியாம். என்ர வீட்டு விலாசத்தைப் போனில போட்டுவிட்டிட்டு, ஆள் வேற வளவில இருக்கிறா. வாற ஆக்களுக்கு வழி சொல்லுறதுதான் இப்ப எனக்கு உத்தியோகம்.

வாங்கோ, உள்ளுக்கு வந்து இருங்கோ. அந்தப் பிளாஸ்ரிக் கதிரை வேண்டாம், கால் ஆடும். இதில இருங்கோ.

எவ்விடம் நீங்கள்? அனலைதீவோ? முருங்கையிலைத் தூளோ? உதையும் வெள்ளைக்காரன் வாங்குறானோ? வாங்குவான், வாங்குவான். அவன் சுடுதண்ணியில கலந்து குடிக்கிறதுக்கு நாங்கள் மரத்தை மொட்டையடிக்க வேணும். சரி, அப்ப வெளியில அனுப்புறது எப்பிடியெண்டு சுகிர்தாவிட்டைக் கேக்க வந்தனியள். ஏன் அவளிட்டை? என்னட்டைக் கேக்கக் கூடாதோ? நான் அருளம்பலம். சுகிர்தாவின்ர தேப்பன். சங்கக்கடை மனேஜராய் இருந்து இந்த வேலணைச் சனத்துக்கு அரிசி, மா, சீனி நிறுத்துக் குடுத்தவன். யாவாரம் எண்டால் என்னெண்டு எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அதைத்தான் சொல்ல வாறன்.

இந்தத் தூள் ஆற்ற தூள்? என்ர மனிசி தங்கரத்தினம் வறுக்கிற தூள். மிளகாய், மல்லி, சீரகம், மிளகு, பெருஞ்சீரகம், கருவேப்பிலை. எல்லாரும் போடுற சாமான்தான். ஆனால் அவ வறுத்தால் ஒழுங்கை முடக்கில போறவன் நிண்டு மணந்து பாத்திட்டுப் போவான். லண்டனில இருக்கிற சொந்தக்காரர் வந்தால், போகேக்க பெட்டியில உடுப்பைக் குறைச்சுத் தூளைத்தான் கட்டிக்கொண்டு போவினம். அதைப் பாத்திட்டு, அரைக்கிற மெசின் வாங்கிப் போட்டது ஆர்? நான். பின்னுக்கு இருக்கிற அந்த அறையைக் கட்டினது ஆர்? நான். அவள் யாழ்ப்பாணத்தில போய் ஏதோ ஏற்றுமதி வகுப்பு எண்டு படிச்சுப்போட்டு வந்தவள். ஓம், படிச்சவள். அந்த ஜேர்மன்காரியைப் பிடிச்சதும் அவள்தான், அதை இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் அந்த மனிசி வந்து சாப்பிட்டது ஆற்ற வீட்டில?

அவவின்ர பேர் உர்சுலா. அங்கை மருந்தடிக்காத சாமான் மட்டும் விக்கிற கடையளுக்கு வாங்கிக் குடுக்கிறவ. இந்த விறாந்தையிலதான் இருந்து, கையால குழைச்சுச் சாப்பிட்டவ. கணவாய்க் கறி. கண்ணாலையும் மூக்காலையும் தண்ணி ஓடுது, மனிசி சிரிச்சுச் சிரிச்சு இன்னும் போடு எண்டுது. சாப்பிட்டு முடிஞ்சு கை கழுவிப்போட்டு ஏதோ கேட்டவ. "மிளகாய் நட்ட ஆளைப் பாக்க வேணுமாம் அப்பா" எண்டு சுகிர்தா சொன்னாள். நான் சொன்னன், ஊர்ச் சனம் நட்டது, அதில பாக்க என்ன இருக்கு எண்டு. அவள் கேக்காமல் பூரணத்தின்ர தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிட்டாள்.

பூரணம் ஆரெண்டு உங்களுக்குத் தெரியாது. அங்கால் பக்கத்து ஆள். புருசன் இல்லை. கிணத்தில இருந்து அள்ளி ஊத்தியே மிளகாய் வைக்கிறவள். நல்ல உழைப்பாளி, நான் குறை சொல்லேல்லை. ஆனால் அவையள் எங்கட வளவுக்க வந்து கதிரையில இருக்கிற ஆக்களில்லை. நாங்களும் அந்தப் பக்கம் போனால் தண்ணி வாங்கிக் குடிக்கிறேல்லை. இப்ப உதெல்லாம் கதைக்கக் கூடாதெண்டு சொல்லுவியள். நான் ஒருத்தரையும் குறைச்சுச் சொல்லேல்லை, ஊர்ப் பழக்கத்தைச் சொல்லுறன்.

அந்த வெள்ளைக்காரி அங்கை போய், பூரணம் மிளகாய்ப் பழம் ஆய்ஞ்ச கையோட நிக்கிறதைப் போனில படம் எடுத்தா. அந்தப் படந்தான் பக்கற்றில வந்தது! நான் அதுக்கு முதலே யாழ்ப்பாணத்தில ஸ்ரூடியோவுக்குப் போய், வேட்டி கட்டி, சால்வை போட்டு, வடிவா ஒரு படம் எடுத்து வச்சிருந்தனான். லேபிளுக்கெண்டு. "அப்பா, அவை நட்ட ஆளின்ர படத்தைத்தான் கேக்கினம்" எண்டாள். சரியெண்டு விட்டுக் குடுத்தனான். அப்பவும் வாய் திறக்கேல்லை. "வேலணைத் தூள்", கீழ பூரணத்தின்ர முகம், பேர், "இவரும் அயலவர்களும் மருந்தடிக்காமல் விளைவித்த மிளகாய்." இங்கிலீசிலயும் ஜேர்மனிலயும். எங்கட பேர் ஒரு மூலையில எறும்பு மாதிரி.

ஓடர் வந்தது தம்பி. பெரிய ஓடர். கப்பலில போற அளவு. இந்தத் தீவில இருந்து கப்பலில ஏத்துற அளவுக்கு ஆர் இதுக்கு முதல் தூள் அனுப்பினது? ஊரே கதைச்சது. சந்தியில நான் போனால் எழும்பி நிண்டாங்கள். சுகிர்தா பதினைஞ்சு குடும்பத்தோட கதைச்சு, எல்லாரும் கூடுதலா மிளகாய் வச்சவை. பூரணம் பக்கத்தில வெறுமையாக் கிடந்த தரவையையும் குத்தகைக்கு எடுத்து வச்சவள்.

பிறகு மழை. சித்திரை கழிஞ்ச கையோட, பெய்யக் கூடாத மழை. பழம் மரத்திலயே அழுகினது. காயப்போட்டது பூஞ்சணம் பிடிச்சுது. மருந்தடிச்சிருந்தால் கொஞ்சமாவது தப்பியிருக்கும். அடிக்கக் கூடாதெண்டு பேப்பரில கையெழுத்து வச்சிட்டினம். அரைவாசி கூட வரேல்லை. சுகிர்தா என்ன செய்யப் பாத்தவள் தெரியுமோ? உர்சுலாவுக்கு எழுதப் போறாளாம், மழையால விளைச்சல் போச்சு, இருக்கிறதை மட்டும் அனுப்புறம் எண்டு. நான் சொன்னன்: "முதல் ஓடரிலயே குறைச்சுக் குடுக்கிறதோ? அதுக்குப் பிறகு உன்னை ஆர் மதிப்பான்? ஒரு கிழமை பொறு." அவள் பொறுத்தாள். எனக்காக இல்லை. அந்தக் கிழமைதான் மனிசிக்கு ஆஸ்பத்திரியில கண் ஒப்பிறேசன். அவள் தாயோட போய் நிண்டிட்டாள்.

நான் சும்மா இருக்கிற ஆளோ? லொறி ஒண்டு பிடிச்சுத் தெற்கை தம்புள்ளை மொத்தச் சந்தைக்குப் போனன். இந்த வயசில, முழங்கால் நோவோட. சந்தையில நிண்டு, சாக்கு சாக்காக் கையை விட்டுப் பாத்து எடுத்தன். செத்தல் மிளகாய் எண்டால் அதுதான் செத்தல். குங்குமம் மாதிரி நிறம். மணம் கொஞ்சம் குறைவுதான், அது வறுபடேக்க வந்திடும். கொண்டு வந்து எங்கட மிளகாயோட கலந்து, வேலை செய்யிற பெட்டையளிட்டை இந்தத் தீவிலயே சரவணைப் பக்கம் வாங்கினதெண்டு சொல்லி, வறுத்து, அரைச்சு, பக்கற் பண்ணி, பெட்டி கட்டி, அந்தப் பின் அறையில முகடு முட்ட அடுக்கிப்போட்டன். அவள் தாயைக் கூட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்து பாத்தாள். பாத்திட்டு ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடிச்சாள். சின்னப் பிள்ளையில கட்டிப் பிடிச்சதுக்குப் பிறகு அண்டைக்குத்தான். "எப்பிடியப்பா? எங்கையப்பா எடுத்தனீங்கள்?" எண்டாள். "சரவணையில. உன்ர அப்பா ஆர்?" எண்டன். அழுதாள் தம்பி. சந்தோசத்தில அழுதாள்.

அவ்வளவையும் செய்தது ஆருக்காக? எனக்காகவோ? நீங்களே சொல்லுங்கோ.

என்ன, போகப் போறியளோ? இருங்கோ, அவள் எங்கையும் ஓடிவிட மாட்டாள். இந்த ஒழுங்கையால நேரை போய், பள்ளிக்கூட மதிலோட திரும்பினால் ஒரு பெரிய பூவரசு நிக்கும். அதுக்கங்கால வறுக்கிற மணம் வரும், மணத்தோட போங்கோ. மத்தியானம் வரைக்கும் வறுப்பினம். மிச்சத்தையும் கேட்டிட்டுப் போங்கோ. உங்களுக்குத்தான் உதவும்.

லொறி வந்தது அதுக்கு அடுத்த நாள் காலமை. கொழும்புக்குக் கொண்டுபோய்க் கப்பலில ஏத்த. ஒழுங்கை முழுக்கச் சனம். நான் வேட்டி மாத்தி, திருநீறு பூசி, கற்பூரம் கொளுத்தத் தேங்காயும் கையுமா நிக்கிறன். பெட்டி தூக்கிற பொடியள் ஏத்தத் துவங்கிட்டாங்கள். சுகிர்தாவைக் காணேல்லை. பாத்தால், பின் வேலியடியில நிக்கிறாள். வேலியில நான் தோய்ச்சுக் காயப்போட்டிருந்த சாக்கைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள்.

தம்புள்ளைச் சாக்கு. நல்ல சாக்கு தம்பி, எறிய எனக்கு மனம் வரேல்லை. சங்கக்கடையில பழகின கை. அதில வேற நாட்டின்ர பேர் பெரிசா அடிச்சுக் கிடந்தது, அதை நான் கவனிக்கேல்லை.

"அப்பா, இது என்ன?"

"பாத்தால் தெரியேல்லையோ? சாக்கு."

"என்ன வந்தது இதுக்குள்ள?"

"எல்லாம் பிறகு கதைப்பம். லொறி நிக்குது. வா, தேங்காய் உடைக்க வேணும்."

"சரவணையில எடுத்தது எண்டு சொன்னனீங்கள்."

"எங்கை எடுத்தால் என்ன? மிளகாய் மிளகாய்தான். அங்கை இருக்கிறவனுக்கு வேலணை எங்கை இருக்கெண்டு தெரியுமோ? ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரிஞ்சு போச்சேயப்பா" எண்டாள். சத்தம் போடேல்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பன். மெல்லமாச் சொல்லிப்போட்டு முன்னுக்குப் போனாள். போய் லொறிக்காரனிட்டைச் சொல்லுறாள்: "ஏத்தாதைங்கோ அண்ணை. ஏத்தினதையும் இறக்குங்கோ."

எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? ஊர் முழுக்கப் பாத்துக்கொண்டு நிக்குது. "ஏத்தடா!" எண்டு கத்தினன். பொடியள் பெட்டியைத் தலையில வச்சுக்கொண்டு அவளையும் பாக்கிறாங்கள், என்னையும் பாக்கிறாங்கள். "எடியே, இது என்ர வீடு. இது என்ர மெசின். ஏத்தச் சொன்னது நான்!" எண்டன். அவள் போனை எடுத்து, அந்த முற்றத்தில, எல்லாருக்கும் முன்னால, உர்சுலாவோட கதைச்சாள். இங்கிலீசில. எனக்கு விளங்கினது "மை ஃபாதர்" எண்ட சொல் மட்டும்தான். மற்றதெல்லாம் விளங்கேல்லை, அது மட்டும் விளங்கினது. வெளிநாட்டுக்காரியிட்டைத் தேப்பனைக் காட்டிக் குடுக்கிற பிள்ளையை நீங்கள் கண்டிருக்கிறியளோ?

லொறி வெறுமையாத் திரும்பிப் போச்சு. நான் தேங்காயைத் தூக்கி மதிலில அடிச்சன். ஒருத்தனும் பொறுக்க வரேல்லை.

அதோட முடிஞ்சுதோ? பின்னேரம் பூரணம் வந்தாள். படலையில நிண்டு கூப்பிடுவாள் எண்டு பாத்தால், உள்ளுக்கு வந்திட்டாள். முதல் தரம். வந்து முற்றத்தில நிக்கிறாள். சுகிர்தா கதிரை எடுத்துக்கொண்டு வந்து போட்டாள். ஓம், இப்ப நீங்கள் இருக்கிற கதிரைதான். பூரணம் இருக்கேல்லை. கதிரையின்ர சாய்மானத்தைப் பிடிச்சுக்கொண்டு என்னைக் கேட்டாள்:

"மனேஜர் ஐயா, என்ர படம் ஒட்டின பக்கற்றுக்க ஆற்ற மிளகாய்?"

"மிளகாய்க்கு ஆள் பேர் இருக்கோ?" எண்டன்.

"மிளகாய்க்கு இல்லை ஐயா. எனக்கு இருக்கு."

நான் எழும்பி உள்ளுக்குப் போகப் பாத்தன். அவள் விடேல்லை. "மருந்தடிக்கேல்லை எண்டு என்ர பேரில எழுதியிருக்கு. என்ர பயிர் அழுகேக்கயும் நான் அடிக்கேல்லை. அங்கை ஆரும் தின்னுட்டு வயித்துக்கு ஏதும் வந்தால், உங்களையோ தேடுவினம்? என்ர முகத்தைத்தானே பாப்பினம்?"

"பெரிய முகம்!" எண்டு சொல்லிப்போட்டன். கோவத்தில வந்திட்டுது. ஆருக்கும் வரும். சுகிர்தா என்னைப் பாத்த பார்வை இருக்கே... சாக்கைப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்க கூட அவள் அப்பிடிப் பாக்கேல்லை. பூரணம் கதிரையில இருந்து கையை எடுத்தாள். போயிட்டாள்.

அடுத்த நாள் பெட்டியெல்லாத்தையும் பிரிச்சு, பக்கற்றில இருந்து படத்தை உரிச்சவை. ஒவ்வொண்டா. வேலைக்கு வாற பெட்டையள், சுகிர்தா, என்ர மனிசி. கண்ணில பச்சைத் துணி கட்டினபடி மனிசியும் இருந்து கையால தடவித் தடவி உரிக்கிறா. பூரணமும் வந்து இருந்து தன்ர முகத்தைத் தானே உரிச்சவள். அந்தச் சத்தம் மட்டும், சர், சர் எண்டு. நான் உள் அறையில படுத்திருந்தன். காதைப் பொத்தினாலும் கேட்டது. உரிச்ச தூளைக் கலப்பு மிளகாய்த்தூள் எண்டு எழுதி யாழ்ப்பாணத்துக் கடையளுக்கு மலிவாக் குடுத்தாள். குங்குமம் மாதிரி நிறம் எண்டு நான் சொன்னனெல்லோ? சனம் வாங்கினதுதானே? ஒருத்தனும் செத்தானோ?

உர்சுலா என்ன சொன்னவ எண்டோ? அதைத்தான் நினைக்க நினைக்க எனக்குப் பத்தி எரியுது. கப்பல் ஓடர் போச்சு. அது போச்சு. ஆனால் அந்த மனிசி, இனி ஆய்ஞ்சு வாற நல்ல மிளகாயில எவ்வளவு வருமோ அதை மட்டும் செய்து பிளேனில அனுப்பு, அடுத்த போகம் விளைஞ்சால் திரும்பவும் கப்பலுக்குப் பாப்பம் எண்டு சொன்னவவாம். சுகிர்தா வந்து இதை எனக்குச் சொல்லுறாள், நான் சந்தோசப்படுவன் எண்டு! "அப்ப நான் விசரனோ? நான் தம்புள்ளைக்குப் போனது விசருக்கோ?" எண்டு கேட்டன். "இனி இங்கை வச்சு அரைக்க ஏலாதப்பா" எண்டு மட்டும் சொன்னாள். நான் மெசின் அறையைப் பூட்டித் திறப்பை மடியில கட்டிப்போட்டன். பாப்பம் எங்கை போய் அரைக்கிறாளெண்டு.

பூரணத்தின்ர வளவில கொட்டில் போட்டாள் தம்பி. ஊரில வேற வளவு இல்லாத மாதிரி. பதினைஞ்சு குடும்பமும் சேர்ந்து கிடுகு கட்டி, சீமெந்து இழுத்து, புதுசா ஒரு சின்ன மெசின் பூட்டிச்சினம். என்ர மெசின் அங்கை கிடக்கு, பாருங்கோ, பல்லி முட்டையிட்டிருக்கு.

போனாள் போறாள். என்ர மனிசிக்கு என்ன வந்தது? நான் கண்டிப்பாச் சொன்னன், "தங்கரத்தினம், அந்தப் பக்கம் நீ காலடி வைக்கக் கூடாது. எங்கட ஆக்கள் சிரிப்பினம்" எண்டு. அவ கல்யாணம் கட்டி வந்த நாளில இருந்து என்னை எதிர்த்துக் கதைச்ச ஆளில்லை. வறுக்கிற தாச்சியைக் கழுவித் துடைச்சு உரப்பையில வச்சுக்கொண்டு சொல்லுறா: "இஞ்சருங்கோ, எனக்கு இப்ப கண் வடிவாத் தெரியுது. நான் போட்டு வாறன். சோறு கறி மூடி வச்சிருக்கு." இப்ப நாளும் காலமை போறா. அங்கை தேத்தண்ணி குடிக்கிறாவாம். பூரணம் ஊத்திக் குடுக்க, வாங்கிக் குடிக்கிறாவாம். அதையும் என்னட்டையே வந்து சொல்லுறா, சீனி அளவாப் போடுவாள் எண்டு!

நான் இங்கை இருந்து மூடி வச்ச சோத்தைத் திறந்து தின்னுறன்.

இப்ப நீங்கள் முருங்கையிலை எண்டு போறியள். போங்கோ. வெளியில அனுப்புறது பெரிய காரியமில்லை, அவன் கேக்கிற பேப்பரெல்லாம் எடுக்கலாம், சோதிக்க வேண்டிய இடத்தில சோதிக்கலாம். ஆனால் ஆற்ற மரம், ஆர் ஆய்ஞ்சது, எங்கை காயப்போட்டது எண்டு துருவித் துருவிக் கேப்பினம். அப்ப கெட்டித்தனமா ஏதாவது சொல்லிச் சமாளிக்க வேணும். வீட்டில ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. முக்கியமா, பிள்ளையளைப் படிப்பிக்காதைங்கோ.

சிரிக்கிறியளோ? நான் பகிடி விடேல்லை.

இன்னுமொண்டு கேளுங்கோ. போன மாசம் அந்தப் பிளேனில போற சாமான் வெளிக்கிட்டது. சின்ன லொறிதான். பூரணத்தின்ர பக்கம் திருப்ப இடமில்லை. இந்த வழியால பின்னுக்கு வந்து, என்ர படலைக்கு முன்னாலதான் திருப்ப வேணும். நான் படலையில நிக்கிறன். பாக்கிறதுக்கு நிக்கேல்லை, சும்மா நிண்டனான். லொறிக்காரன் வெளியூர்ப் பொடியன். தலையை வெளியில நீட்டி, "ஐயா, பின்னுக்குக் கொஞ்சம் பாத்துச் சொல்லுறியளோ?" எண்டான்.

போடா எண்டு சொல்லியிருக்க வேணும். என்னை விட்டிட்டு, என்ர மெசினை விட்டிட்டு, ஆற்றையோ வளவில அரைச்ச தூள். என்ர பேர் எறும்பு மாதிரிக் கூட இல்லை அதில. ஆனால் பின்னுக்கு வாய்க்கால் தம்பி, சில்லு இறங்கினால் பெட்டியோட சரிஞ்சு போடும். என்ர வாய் தன்ர பாட்டில சொல்லுது: "வரட்டும். வரட்டும். இடப்பக்கம் ஒடி. இன்னும் ஒடி. நில், நில், நில்! இனி முன்னுக்கு எடு." கையை வேற ஆட்டி ஆட்டி. ஏன் சொன்னனான் எண்டு எனக்கு இப்பவும் விளங்கேல்லை. என்னிலதான் எனக்குக் கோவம்.

முன் சீற்றில சுகிர்தாவும் பூரணமும் இருந்தவை. பூரணம் நேரை பாத்துக்கொண்டு இருந்தாள். சுகிர்தா கண்ணாடியை இறக்கினாள். இப்ப சொல்லுவாள் எண்டு நினைச்சன். தேப்பனை ஊருக்கு முன்னால கூனிக் குறுக வச்சவள், ஒரு சொல் மன்னிப்புக் கேக்கிறதுக்கு அதை விட நல்ல இடம் எங்கை கிடைக்கப் போகுது? நானும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிண்டனான். "அப்பா, வெயில் கடுமையா இருக்கு. உள்ளுக்குப் போங்கோ" எண்டாள்.

அவ்வளவுதான். கண்ணாடியை ஏத்திப்போட்டாள். பெத்த தேப்பனிட்டைச் சொல்லுற கதையோ அது? நீங்கள் சொல்லுங்கோ.

நான் உள்ளுக்குப் போகேல்லை. அவள் சொல்லி நான் போறதோ? லொறி பள்ளிக்கூட மதிலோட திரும்பி, அந்தப் புழுதியும் அடங்குமட்டும் வெயிலுக்கையே நிண்டனான்.